நாற்பது செடிகள்

ஒரு சதுப்பு ஏரியில் ஓர் இலைக்கோழியும் ஓர் ஆமையும் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை பார்த்து வந்தன. இலைக்கோழிக்கு நீண்ட விரல்கள். அல்லி இலைமேல் நடந்தாலும் இலை அமிழாது. அதனால் நீருக்கு மேலே இருப்பதை அது பார்த்தது. நீருக்கு அடியில் இருப்பதை ஆமை பார்த்தது.

அந்த ஏரியைச் சுற்றி மனிதர்கள் வேலி போட்டிருந்தார்கள். உள்ளே யாரும் வலை வீசக் கூடாது, கோரை அறுக்கக் கூடாது. பறவைகளும் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தன. தலைவர் கூழைக்கடாவின் அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. எந்தச் செடி குறைகிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று கூழைக்கடா ஆண்டுதோறும் முதல் மழைக்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளும். போன ஆண்டு முப்பத்தெட்டு வகைச் செடிகள் இருந்தன.

இந்த ஆண்டு, வாய்க்கால் வந்து கலக்கும் கீழ்மூலையில் இலைக்கோழி ஒரு புதுச் செடியைக் கண்டது. குண்டுக் காம்பு, ஊதாப் பூ. வேர் மண்ணைத் தொடாமல் மிதந்தது. ஆகாயத்தாமரை. எண்ணிப் பார்த்தது. அந்த ஒரு வகையில் மட்டும் நாற்பது செடிகள் இருந்தன.

ஆமை மூழ்கிப் போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்தது. அதன் முகமே சரியில்லை. அந்தச் செடிகளுக்குக் கீழே ஒரே இருட்டு என்றது. வேலம்பாசி அழுகிக் கிடக்கிறது, கொட்டிக்கிழங்கு முளை கருகிவிட்டது, மீன்குஞ்சு ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை என்றது.

பக்கத்தில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அவற்றிடம் கேட்டபோது, நாற்பதுதானே, ஒரே நாளில் பிடுங்கிக் கரையில் போட்டுவிடுவோம், தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றன.

இருவரும் கூழைக்கடாவிடம் போனார்கள். அதன் பக்கத்தில் ஆலோசகரான நீலத் தாழைக்கோழி நின்றிருந்தது. ஆகாயத்தாமரைப் புதருக்குள்தான் தாழைக்கோழி புதிதாகக் கூடு கட்டியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் கூழைக்கடாவின் முகம் வாடியது. இன்னும் பத்து நாளில் வடக்கிலிருந்து வாத்துகள் வரப்போகின்றன, ஏரிக்கு நோய் என்று கேள்விப்பட்டால் இறங்காமல் போய்விடும், நம் ஏரியின் பெயர் என்ன ஆவது என்று கவலைப்பட்டது.

தாழைக்கோழி குறுக்கே புகுந்தது. "வகை கிகையெல்லாம் எதற்கு? மொத்தத்தில் செடி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?"

"எண்ணிக்கை கூடித்தான் இருக்கிறது" என்று இலைக்கோழி தயங்கிச் சொன்னது.

கூழைக்கடாவுக்கு உயிர் வந்தது. மறுநாள் காலையில் எல்லாரையும் கூட்டி அதையே சொல்லும்படி கட்டளையிட்டது. ஆமை மறுத்துப் பேசியதை அது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை இலைக்கோழி தன் கூட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் இனத்தில் அடைகாப்பது ஆண்தான். அல்லி இலைகளுக்கு நடுவே நான்கு முட்டைகள். அங்கே தாழைக்கோழி வந்து நின்றது.

"அழகான முட்டைகள்" என்றது. "நாளைக்குக் கூட்டம் முடிய நேரமாகும். அதுவரை இவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

தாழைக்கோழி முட்டை தின்னும் என்பது ஏரியில் எல்லாருக்கும் தெரியும். இலைக்கோழி முட்டைகளைச் சிறகால் இன்னும் நெருக்கி மூடிக்கொண்டது.

"நீருக்கு அடியில் போய்ப் பார்க்க எங்களில் யாராலும் முடியாது. அதனால் ஆமை சொல்வது செல்லாது. நீ சொல்வதுதான் செல்லும்" என்று சொல்லிவிட்டுத் தாழைக்கோழி போய்விட்டது.

மறுநாள் கூட்டத்தில் இலைக்கோழி, செடிகள் பெருகியிருக்கின்றன என்று அறிவித்தது. பறவைகள் சிறகடித்து மகிழ்ந்தன. ஆமை முன்னால் வந்து, அடியில் தான் பார்த்ததையெல்லாம் சொன்னது. எல்லாரும் இலைக்கோழியைப் பார்த்தார்கள்.

"நான் மேலே மட்டும்தான் பார்த்தேன்" என்றது இலைக்கோழி.

ஆமை அதை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தது. கோபப்படவில்லை. திரும்பி நீருக்குள் இறங்கிவிட்டது.

நான்கு முட்டைகளும் நல்லபடியாகப் பொரிந்தன. குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு, நான் செய்தது சரிதான், அடுத்த ஆண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று இலைக்கோழி தன்னையே தேற்றிக்கொண்டது.

ஆகாயத்தாமரை அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரட்டித்தது. தை பிறப்பதற்குள் கீழ்மூலை மூடியது. சித்திரையில் ஏரியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது கூழைக்கடா தானே நீர்நாய்களைத் தேடிப்போய்ப் பிடுங்கச் சொன்னது. அவை பாதம் கிழியப் பிடுங்கின. காலையில் திறந்த இடம் இரண்டு நாளில் மூடிக்கொண்டது. மீன்கள் மூச்சு முட்டி மல்லாந்தன. நீர்நாய்கள் வாய்க்கால் வழியாகவே வெளியேறின. வாத்துகள் எப்போதோ போய்விட்டன. இறங்க ஒரு முழம் நீர் இல்லாததால் கூழைக்கடாவும் பறந்துவிட்டது.

இலைக்கோழிக்கு மட்டும் நடக்க இடமிருந்தது. ஏரி முழுவதும் அதன் காலுக்குத் தரைபோல ஆகிவிட்டது.

ஒரு நடுப்பகலில் அது நடந்துகொண்டிருந்தபோது காலுக்குக் கீழே எதுவோ முட்டியது. பின்னிக்கிடந்த வேர்களுக்கு அடியிலிருந்து ஆமையின் குரல் வந்தது. மூச்சு வாங்க மேலே வரப் பார்த்து வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, திறந்த இடம் எந்தப் பக்கம்?"

இலைக்கோழி சுற்றிலும் பார்த்தது. எல்லாப் பக்கமும் பச்சை. அலகால் கொத்தியது, நகத்தால் கிழித்தது. இலையைக்கூட அமிழ்த்த முடியாத உடம்பு அது. ஒரு காம்பு ஒடிந்தால் பக்கத்துக் காம்பு நகர்ந்து வந்து அந்த இடத்தை அடைத்தது.

"வாய்க்கால் பக்கம் போ, அண்ணே."

"எவ்வளவு தூரம்?"

இந்த முறை இலைக்கோழி பொய் சொல்லவில்லை. "ரொம்பத் தூரம்" என்றது.

ஆமை நகர்ந்தது. வாய்க்கால் இருந்த திசையில் இலைகள் வரிசையாக அசைந்தன. கொஞ்ச தூரம் போனதும் அசைவு நின்றது. இலைக்கோழி அங்கே ஓடிப்போய், அண்ணே, அண்ணே என்று பொழுது சாயும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த மழை வந்தது. கேட்க ஆள் இல்லை. ஆனாலும் இலைக்கோழி தனியாகக் கணக்கெடுத்தது. முப்பத்தெட்டு வகை இருந்த ஏரியில் ஒரே வகைதான் இருந்தது. மனம் பொறுக்காமல் பக்கத்து ஊர் ஏரிக்குப் பறந்துபோய்க் கூழைக்கடாவைக் கண்டது. நாற்பது செடிகளைப் பற்றி, முட்டைகளைப் பற்றி, ஆமையைப் பற்றி, எதையும் மறைக்காமல் சொன்னது.

கூழைக்கடா முழுதும் கேட்டது. "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, மீன் தேடத் திரும்பிக்கொண்டது.

பார்த்த உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் விழுங்கிவிட்டால், பிறகு எத்தனை முறை சொன்னாலும் அது ஓர் உயிரையும் மீட்டுத் தராது.