வெண்கலப் புலியின் பாதி

"ஐயா, என் தளபதி என் சொல்லைக் கேட்க மறுக்கிறான்."

சொன்னவன் லூ ஷென். வயது இருபத்திரண்டு. மஞ்சள் நதிக்கு வடக்கே ஐந்து கோட்டைகளுக்கு அதிபதி. நான்கு நாள் வழியை இரண்டே நாளில் கடந்து, தனியாகப் பாசறைக்கு வந்திருந்தான்.

கேட்டவர் ஸாங். சிறுவயதில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது படை வைத்தியர். ஒரு வில்லாளியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவனிடம் என்ன சொன்னாய்?"

"ஊருக்குள் நுழையாதே என்றேன். என் அக்கா உள்ளே இருக்கிறாள், ஐயா. செத்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். துணிக்குச் சாயம் தோய்த்துப் பிழைக்கிறாளாம். முந்தாநாள்தான் தெரியும்."

எதிரே பெய்லின் நகரம். மதில் இடிந்து கிடந்தது. இரண்டு முரசு அடித்தாயிற்று. மூன்றாவது அடித்தால் படை உள்ளே பாயும்.

ஒருவரையும் உயிரோடு விடக்கூடாது என்பது ஆணை. ஆணை அவனுடையது.

ஸாங் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். லூ ஷென்னையும் அழைத்துக்கொண்டு தளபதி குவோ தானிடம் போனார்.

"இவரைத் தெரிகிறதா?"

"என் பிரபு. நன்றாகத் தெரிகிறது."

"பிறகென்ன?"

"புலி எங்கே?"

வெண்கலப் புலி. நெடுக்காகப் பிளந்தது. ஒரு பாதி பிரபுவிடம், மறுபாதி தளபதியிடம். இரண்டும் பொருந்தினால்தான் ஆணை செல்லும்.

"ஆணையோடு என் பாதியை இங்கே கொண்டுவந்த தூதன் அதைத் திரும்ப எடுத்துப் போய்விட்டான். அது உனக்கே தெரியும்!" லூ ஷென் கத்தினான். "நானே வந்து நிற்கிறேன். முட்டாளே, வெண்கலத் துண்டு பெரிதா, நான் பெரிதா?"

"போன ஆண்டு காவல் தலைவன் டெங்கும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கோட்டைக் கதவைத் திறந்தான், பிரபு. புலியைக் கேட்கவில்லை என்று அவன் தலையை எடுத்தீர்கள். எனக்கு மூன்று பிள்ளைகள்."

தளபதி கையை உயர்த்தினான்.

முரசு அடித்தது.

படை ஓடியது. புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் கூக்குரல் கேட்கத் தொடங்கிவிட்டது.

லூ ஷென் தரையில் உட்கார்ந்தான்.

"அவளைக் கொல்லும்படி நான் சொல்லவில்லை, ஐயா."

"ஊருக்குள் எத்தனை பேர்?"

"நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. ஒற்றன் வீடு வீடாக எண்ணி வந்தான்."

"கணக்கு சரிதானா?"

"சரிதான். நானே இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்."

"அப்படியானால் இரண்டு முறையும் அவளைச் சேர்த்துத்தான் கூட்டியிருக்கிறாய்."