மொட்டைத்தலைக்காரன் எடுத்த சீப்பு

ஊம்ம்ம்... என்று ஒரு சத்தம்.

நுரைப்பட்டினத்துக்கு வருகிறவர்களுக்குக் கண்ணில் எதுவும் படுவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் காதில் விழும். முன்னால் மூடுபனி நிற்கும். அதற்குப் பின்னால் ஊர் ஒளிந்திருக்கும். சத்தம் மட்டும் பனியைக் கடந்து நடந்து வந்து கையைப் பிடிக்கும். கூர்ந்து கேட்டால் அதற்குள் வார்த்தைகளும் இருக்கும்.

"பார்த்தவரே, பார்த்தவரே, பார்த்ததைச் சொல்வீரா?"

இது ரொம்பப் பழைய கதை. கடலில் கொட்டிய உப்பு இன்னும் முழுதாகக் கரையாமல் அடியில் கட்டிகட்டியாகக் கிடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரைப்பட்டினத்து ராஜாவுக்குத் தூக்கம் அதிகம், செலவு செய்கிற மனசு குறைவு. அங்காடிக்குக் காவல்காரரை வைத்தால் அவர்களுக்குச் சோறு போட வேண்டுமே என்பது அவருடைய கவலை. அப்போது ஒரு மந்திரவாதி வந்தான். சோறு கேட்காத, கண் அசராத காவல் ஒன்று தருகிறேன் என்றான். கடற்கரைக்குப் போனான். ஆள் தலை அளவு வெள்ளைச் சங்கு ஒன்றைத் தூக்கி வந்தான். அங்காடி நடுவில் நின்ற புன்னை மரத்தில் அதைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டு மூன்று முறை ஊதினான். கூலியை வாங்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். சங்கு இருந்துவிட்டது. போகிறவர்கள் போய்விடுவார்கள், அவர்கள் வைத்துவிட்டுப் போனது இருந்துவிடும்.

சங்கின் மந்திரம் இதுதான். யாராவது எதையாவது திருடும்போது நீங்கள் பார்த்துவிட்டால், சங்கு மெல்லத் திரும்பித் தன் வாயை உங்கள் பக்கம் காட்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நீங்கள் அதனிடம், "இன்னார் எடுத்தார்" என்று சொல்ல வேண்டும். சொன்னால், எடுத்தவர் எங்கே நின்றாலும் நின்ற இடத்திலேயே உப்புச் சிலையாகிவிடுவார். சொல்லாவிட்டால் உங்கள் குரல் தொண்டையை விட்டுக் கிளம்பி, சங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அண்டை வீட்டில் சொன்னாலும் சரி, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாலும் சரி, சங்குக்குக் கேட்டுவிடும்.

அதனால் அங்காடி முழுக்க உப்புச் சிலைகள் நின்றன. ஒருவர் கத்தரிக்காய் எடுத்தவர், ஒருத்தி ஒரு முழம் பூ எடுத்தவள். பழகிப்போன ஜனங்கள் சிலைகளின் கையில் குடையை மாட்டினார்கள், காலில் ஆட்டைக் கட்டினார்கள். மழைக்காலம் வந்தால் மட்டும் சிலைகளின் வீட்டுக்காரர்கள் ஓலைப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். கரைந்துவிடக் கூடாதே. ஊரின் மறுபாதி ஊமை. சைகையில் பேரம் பேசி, சைகையில் சண்டை போட்டு, சைகையிலேயே பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள்.

இந்த ஊரில் பூவரசி என்று ஒரு பெண் இருந்தாள். பகலில் அங்காடியில் கருவாடு காயவைத்து விற்பாள். அவளுடைய உண்மையான வேலை வேறு. பனி இறங்கும் நாட்களில் கரையோரப் பாறையில் ஏறி நின்று, "ஏலோ... இங்கே கரை... ஏலோ..." என்று கூவுவாள். கடலுக்குப் போனவர்களுக்குப் பனியில் கரை தெரியாது. அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் படகுகள் வந்து சேரும். அவளுடைய அண்ணன் கயலனும் அப்படித்தான் தினமும் வீடு வந்தான்.

ஒருநாள் வெயில் தாழ்கிற நேரம். பாயில் விரித்திருந்த கருவாட்டைப் பூவரசி கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். பாதி அள்ளியிருப்பாள். எதிரே சீப்பு விற்கிற செங்கமலம் யாருக்கோ பதில் சொல்ல அந்தப் பக்கம் திரும்பினாள். கடை முன்னால் நின்ற வெளியூர்க்காரர் ஒரு மரச்சீப்பை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலத் தலையைத் தடவினார். அந்தத் தலையில் ஒரு முடி கிடையாது. வெயில் பட்டு மின்னியது.

பூவரசிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் புன்னை மரத்தில் கயிறு முறுகியது. சங்கு மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது.

"பார்த்தவரே, பார்த்தவரே, பார்த்ததைச் சொல்வீரா?"

கடலைப் பார்த்தாள். தூரத்தில் பனி ஒரு வெள்ளைக் கோடாக எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் இன்னும் வரவில்லை. சொன்னால், பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதர் ஒரு சீப்புக்காக உப்பாகிவிடுவார். சொல்லாவிட்டால் குரல் போகும், குரல் போனால் படகுகள் போகும். கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

முதலில் வீரம்மாளிடம் போனாள். கத்தரிக்காய் எடுத்து உப்பானவரின் மனைவி அவள். புருஷனின் தோளில் படிந்த தூசியை முந்தானையால் தட்டிக்கொண்டிருந்தாள். யார், எது என்று சொல்லாமல், ஒன்றைப் பார்த்துவிட்டேன் மதினி, என்ன செய்யட்டும் என்று மட்டும் பூவரசி கேட்டாள்.

வீரம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு கத்தரிக்காய், பூவு. அதுவும் சொத்தை. சொன்னவ என் பக்கத்து வீட்டுக்காரிதான். இன்னைக்கு வரைக்கும் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறா. சொல்லிடாதே."

அடுத்து கயிறு திரிக்கிற மாடசாமிக் கிழவரிடம் போனாள். அவளுக்கு முன்னால் பாறையில் நின்று கூவியவர் அவர்தான். யாரோ ஒரு வழிப்போக்கன் மாங்காய் எடுத்ததைப் பார்த்தார், பரிதாபப்பட்டு வாயைத் திறக்கவில்லை, குரலை இழந்தார். அந்த வாரமே பனி வந்தது. சில படகுகள் திரும்பவில்லை. பூவரசி கேட்டதும் கிழவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு கடலைக் காட்டினார். பிறகு சங்கைக் காட்டி, போ, சொல், சொல் என்று கையை உதறினார். கண் கலங்கியிருந்தது.

ஒருத்தி சொல்லாதே என்கிறாள், ஒருவர் சொல் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருந்தது. பூவரசி கரையோரமாக நடந்தாள். மணல் குளிர்ந்திருந்தது. அலை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. உலகம் மொத்தமும் யாரோ காணுகிற கனவு போல இருந்தது.

"காலைப் பார்த்து வை, பெண்ணே. இந்த வீடும் போனால் எனக்கு வேறு வீடு கிடையாது."

குனிந்து பார்த்தாள். பெரிய நண்டு ஒன்று, வாய் உடைந்த பானைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. நண்டு பானைக்குள் குடியிருக்குமா என்று பூவரசி கேட்டாள்.

நண்டு பெருமூச்சு விட்டது. நுரை நுரையாக வந்தது. தனக்கும் ஒரு காலத்தில் வெள்ளை வீடு இருந்தது என்றது. வெயில் காய்வதற்காகக் கொஞ்சம் வெளியே வந்த நேரத்தில் ஒரு தாடிக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு போனானாம். அதுதான் இன்றைக்கு அங்காடியில் தொங்குகிறதாம்.

"கரையில் அத்தனை பேர் நின்றார்கள்," என்றது நண்டு. "எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அவரவர் ஆட்களிடம் பேசிக்கொண்டார்கள். அவனிடம் ஒருவர்கூட, 'ஐயா, அது அந்த நண்டுடையது, வைத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வைத்திருப்பானோ என்னவோ. யாருக்குத் தெரியும்? சொல்லிப் பார்க்கவில்லையே."

பூவரசி அப்படியே நின்றாள். சங்கிடம் சொன்னவர்கள் உண்டு. யாரிடமும் சொல்லாதவர்கள் உண்டு. எடுத்தவரிடமே போய்ச் சொன்னவர் இந்த ஊரில் யார்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. திரும்பி ஓடினாள்.

தோணித்துறையில் மொட்டைத்தலைக்காரர் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலைப்பக்கத்து ஆள், பாக்கு விற்க வந்தவர், பெயர் கொம்பையா. பூவரசி மூச்சு வாங்க எதிரே போய் உட்கார்ந்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அண்ணே, உங்க மடியில ஒரு சீப்பு இருக்கு. எடுத்ததை நான் பார்த்தேன்."

தூரத்தில் சங்கு ஊம்ம்ம் என்றது. அதற்கும் கேட்டுவிட்டது, ஆனால் எடுத்தவரிடமே சொன்னதால் அவர் பதிலுக்காகக் காத்தது. கொம்பையா சோற்றை மென்றபடியே, இது வாங்கினதும்மா என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய கால்விரல்கள் வெளுத்துப்போயின. உப்பு.

உங்க காலைப் பாருங்க அண்ணே என்றாள் பூவரசி. அவர் பார்த்தார், பதறினார், கீழே கிடந்தது, எடுத்தேன் என்றார். உப்பு முழங்காலைத் தாண்டியது. என் பெண்டாட்டிக்காக எடுத்தேன், அவள் நோயாளி என்றார். உப்பு இடுப்புக்கு ஏறியது.

"பொய் சொல்லச் சொல்ல ஏறுது அண்ணே," என்றாள் பூவரசி. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைக் காட்டிக்கொடுக்க நான் வரலை. கடல்ல என் அண்ணன் இருக்கான். உங்களையும் இழக்க முடியாது, அவனையும் இழக்க முடியாது. உள்ளதைச் சொல்லுங்க."

கொம்பையா சோற்றுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"எடுத்தேன்மா," என்றார் கடைசியில். "மடியில காசு இருக்கு. வாங்கியிருக்கலாம். அந்தம்மா திரும்பினாங்க, கை போயிடுச்சு. எனக்குப் பெண்டாட்டி கிடையாது. இந்தத் தலைக்குச் சீப்பு எதுக்குன்னு எனக்கே தெரியலை."

உப்பு இறங்கியது. இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து விரல், விரலிலிருந்து மண். எடுத்தவரே எடுத்தேன் என்று சொல்லிவிட்ட பிறகு சங்குக்கு என்ன வேலை?

இருவரும் அங்காடிக்கு நடந்தார்கள். கொம்பையா சீப்பைச் செங்கமலத்தின் முன்னால் வைத்து, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தார், பிறகு திருத்திக்கொண்டு, தெரிந்தேதான் எடுத்தேன் என்றார். செங்கமலம் சீப்பைப் பார்த்தாள். அவருடைய தலையைப் பார்த்தாள். மறுபடி சீப்பைப் பார்த்தாள்.

"முடி முளைச்சதும் வாங்க," என்றாள். "அப்ப சும்மாவே தர்றேன்."

விளக்கு வைக்கிற நேரம். சங்கு இன்னும் பூவரசியைப் பார்த்தபடிதான் தொங்கியது. அதனிடம் அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லையே, அவள் குரலுக்காகக் காத்திருந்தது. அவள் மரத்தடிக்குப் போய், எம்பி நின்று, அதனிடமே சொன்னாள்.

"உன்னையும் ஒருத்தன் எடுத்துட்டுத்தான் வந்தான். நீ இந்த மரத்துக்குச் சொந்தமில்லை. உன் வீட்டுக்காரர் உடைஞ்ச பானையில ஒண்டிக்கிட்டு இருக்கார். வா, கொண்டுபோய் விடறேன்."

கயிறு தானாக அவிழ்ந்தது. சங்கு அவள் கைகளில் குழந்தை போல வந்து விழுந்தது. விழுந்ததும் அதற்குள் அடைந்து கிடந்த குரல்கள் எல்லாம் வெளியே வந்து, ஒவ்வொன்றும் தன் தொண்டையைத் தேடிக்கொண்டு பறந்தன. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. உப்புச் சிலைகளுக்கு நிறம் வந்தது, மூச்சு வந்தது. வீரம்மாளின் புருஷன் கையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு, இதைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். "சொத்தைதான், மெதுவா நடங்க," என்றாள் வீரம்மாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

பனி ஊருக்குள் வந்துவிட்டது. பூவரசி கரைக்கு ஓடி, சங்கைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். நண்டு பின்பக்கமாகத் தன் வீட்டுக்குள் நுழைந்துகொண்டது. அவள் பாறையில் ஏறினாள்.

"ஏலோ... இங்கே கரை... ஏலோ..."

கீழே சங்கு, ஊம்ம்ம், என்று கூடவே பாடியது. இந்த முறை அது எதையும் கேட்கவில்லை, வெறும் பாட்டுத்தான். பக்கத்துப் பாறையிலிருந்து மாடசாமிக் கிழவரின் கரகரத்த குரலும் சேர்ந்துகொண்டது. மூன்று குரல்களையும் பிடித்துக்கொண்டு, பனியின் உள்ளிருந்து ஒவ்வொன்றாகப் படகுகள் வந்தன. கடைசிப் படகில் கயலன் இருந்தான். ஊரில் என்ன இத்தனை சத்தம் என்று கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்றாள் தங்கை.

அன்றிலிருந்து நுரைப்பட்டினத்தில் யார் எதை எடுத்தாலும், பார்த்தவர் எடுத்தவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். ராஜா அதற்குள் விழித்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது.

பூவரசி அங்காடிக்குத் திரும்பி வந்தாள். பாயில் மீதிக் கருவாடு அப்படியே கிடந்தது. பனி பட்டால் நமத்துப்போகும். உட்கார்ந்து, கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அள்ளிப் போடத் தொடங்கினாள்.