ரெண்டு சம்பந்தியும் ஒரு கீரியும்

ஒரு காட்டுல ஒரு கொளம். கொளத்துக்கு மேக்கால ஒரு ஆலமரம். கொளத்தங்கரையில தெனமும் சாயங்காலம் ஒரு தொடர் நாடகம் நடக்கும். ஆலமரத்தடியில தெனமும் காலையில ஒரு தொடர் நாடகம் நடக்கும். ரெண்டுமே முடியற மாதிரி போகும், முடியாது.

கொளத்து நாடகத்தை நடத்துனது ஒரு நாரை. அதுல அல்லின்னு ஒரு பொண்ணு, வாத்துதான் நடிக்கும். அல்லியோட அம்மா எந்நேரமும் அழுதுகிட்டே இருப்பா. மரத்தடி நாடகத்தை நடத்துனது ஒரு குரங்கு. அதுல வேலன்னு ஒரு பையன், மயில் நடிக்கும். வேலனோட அம்மா எந்நேரமும் அதட்டிக்கிட்டே இருப்பா.

அந்த அழுற அம்மாவும் இந்த அதட்டுற அம்மாவும் ஒரே கீரி. பேரு செண்பகம். வாத்துக்கும் மயிலுக்கும் கீரி எப்படி அம்மான்னு கேக்காதீங்க, நாடகத்துல அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல. காலையில மூஞ்சில சாம்பலைப் பூசிக்கிட்டு அதட்டும். சாயங்காலம் சாம்பலைக் கழுவிட்டு, தாமரை இலையை முக்காடு போட்டுக்கிட்டு அழும். நாரை காலையில மீனு பிடிக்கப் போயிரும். குரங்கு வெயில் சாஞ்சதும் தூங்கப் போயிரும். அதனால ரெண்டுக்குமே விஷயம் தெரியாது.

செண்பகத்தோட புருஷன் ஒரு பாம்போட சண்டைக்குப் போனவன், திரும்பி வரல. அவனைப் பார்க்கவே இல்லன்னு பாம்பு சொல்லிச்சு. பார்த்தேன்னு ஒரு எலி சாட்சி சொல்லப் போயி, பாம்பு வீட்டுக்குள்ளேயே போயி சாட்சி சொல்லி, அப்புறம் எலியையும் காணோம். அது வேற கதை. வீட்ல குட்டிங்க இருக்கு. மரத்தடியில கூலியா கெடைக்கற முட்டை காலைச் சாப்பாடு, கொளத்துல கெடைக்கற நண்டு ராச் சாப்பாடு. ஒரு நாடகம் போனாலும் குட்டிங்களுக்கு ஒரு வேளை பட்டினி.

அந்த வருஷம் இலுப்பை நல்லாப் பழுத்துச்சு. எல்லாரும் அங்க போயிட்டாங்க, நாடகம் பார்க்க ஆளில்ல. அப்பத்தான் நரி வந்துச்சு. இந்த நரிதான் ஒரு தடவை தேன் எடுக்கறதுக்கு சுலபமான வழின்னு கரடிக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்துச்சு. கரடி அப்புறம் ரொம்ப நாளைக்கு மூக்கால பேசிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. அந்த நரிதான்.

"ரெண்டு குடும்பத்தையும் சம்பந்தி ஆக்கிருங்க. மகாசங்கமம்னு பேரு வைங்க. ரெண்டு கூட்டமும் ஒரே எடத்துல வந்து குந்தும்," அப்படின்னுச்சு நரி.

அல்லிக்கும் வேலனுக்கும் கல்யாணம்னு முடிவாச்சு. அப்புறம்தான் தலைவலி. காலையில வைக்கறதா சாயங்காலம் வைக்கறதான்னு சண்டை போட்டு, கடைசியில மத்தியானம்னு வச்சாங்க. மத்தியானம்னா தோலு காஞ்சிரும்னு தவளைங்க அழுதுச்சு. கொளத்துக் கதையில அப்ப ஆடி மாசம், மரத்துக் கதையில தை மாசம். ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்? அல்லி நேரா தைக்கு வந்துருவான்னு நாரை சொல்லிச்சு. அப்ப நடுவுல வர்ற தீபாவளிக்கு அல்லி எங்க இருந்தான்னு ஒரு தவளை கேட்டுச்சு. வாயை மூடுன்னு நாரை சொல்லிருச்சு. கேள்வி மட்டும் அப்படியே நின்னுச்சு.

இதுக்கு மேல நரி இன்னொண்ணு சொல்லிச்சு. கல்யாணம் மட்டும் போதாதாம், கண்ணீரும் வேணுமாம். தாலி ஏறுற நேரத்துல ஒரு அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு செத்துரணுமாம். எந்த அம்மான்னு அன்னைக்குப் பார்த்துக்கலாமாம்.

நாரை ரகசியமா செண்பகத்துகிட்ட வந்துச்சு. பயப்படாதே, மாப்ள வீட்டு அம்மாவைத்தான் முடிக்கப் போறோம்னு ஆறுதல் சொல்லிச்சு. மறுநாள் காலையில குரங்கு ரகசியமா வந்துச்சு. பொண்ணு வீட்டு அம்மா கதை முடிஞ்சுது, நீ கவலையே படாதேன்னு முதுகுல தட்டிச்சு. செண்பகம் ரெண்டு பேருக்கும் தலையாட்டிச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரல.

கல்யாண நாளு வந்துச்சு, ஆலமரத்தடியில பந்தல் போட்டாங்க. மரத்துக்கு அந்தப் பக்கம் கொளத்துக் கூட்டம், இந்தப் பக்கம் மரத்துக் கூட்டம். சம்பந்திங்க தாம்பூலம் மாத்திக்கணும். செண்பகம் இலையை முக்காடு போட்டுக்கிட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு வெத்தலையை நீட்டிச்சு. அடிமரம் மறைக்கற தைரியத்துல ஒரே ஓட்டமா சுத்தி வந்து, சாம்பலைப் பூசிக்கிட்டு, இந்தப் பக்கம் நின்னு அதே வெத்தலையை வாங்குன மாதிரி காட்டிச்சு. மறுபடி ஓடிச்சு. பாதி மூஞ்சில சாம்பல், காதுல தொங்குது இலை, தான் இப்ப எந்த அம்மான்னு அதுக்கே மறந்து போச்சு.

அடுத்து பொண்ணோட அம்மா, 'மாப்ளே, எம் பொண்ணைக் கண் கலங்காம வச்சுக்கோங்க'ன்னு அழணும். செண்பகம் மயிலைப் பார்த்துச்சு. தெனமும் காலையில சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி.

"மகனே, கூன் போடாம நில்லுடா," அப்படின்னுருச்சு.

முன் வரிசையில ஒரு ஆமை. அல்லி நாடகத்தை ஒரு நாளும் விட்டதில்ல அது. கழுத்தை முழுசா வெளிய நீட்டிச்சு.

"யாருக்கு யாரு மகன்?"

அது எங்க வேலனோட அம்மா குரலுன்னு ஒரு மைனா சொல்லிச்சு. முக்காடு எங்க அல்லியோட அம்மாவோடதுன்னு தவளைங்க சொல்லிச்சு. 

"அப்ப அல்லியும் இவ பொண்ணு, வேலனும் இவ மகனா? அண்ணன் தங்கச்சிக்கா தாலி கட்டுறீங்க?"ன்னு ஆமை கேட்டுச்சு. மயிலு தாலியைக் கீழ போட்டுருச்சு.

நரி குறுக்க பாய்ஞ்சு, இது வேலனோட அம்மா இல்ல, அவளோட கூடப்பொறந்த ரெட்டைன்னு சமாளிச்சுச்சு.

"அக்கா தங்கச்சி புள்ளைங்கன்னாலும் அண்ணன் தங்கச்சி முறைதானே? நரி வீட்ல வேற மாதிரியா?" அப்படின்னுச்சு ஆமை.

உடனே குரங்கு, அப்ப அல்லியோட அம்மா அக்கா, வேலனோட அம்மா அவளோட தம்பின்னு வச்சுக்கலாம், புள்ளைங்களுக்கு முறை வந்துரும்னு சொல்லி, அணில் வாலுல முடி பிடுங்கப் போச்சு, மீசை ஒட்ட. மரத்தடி நாடகத்துல மருத்துவச்சியா வந்த அந்த மைனா விடல. "வேலனோட அம்மாவுக்குப் போன பங்குனியில பிரசவம் ஆச்சே, நான்தானே கஷாயம் வச்சேன்? ஆம்பளைக்கா வச்சேன்?"

அவ்வளவுதான், யாரு யாருக்கு என்ன முறைன்னு ஆளாளுக்குக் கத்த, மயிலு வாத்தை அத்தைன்னு கூப்பிட, பந்தலே கலங்கிப் போச்சு. குரங்கு செண்பகத்தைப் பிடிச்சு உலுக்கிச்சு. "உண்மையைச் சொல்லு. நீ யாரோட அம்மா?"

செண்பகம் இலையைக் கழட்டிருச்சு. "ரெண்டு பேருக்கும் நான்தான். எந்த அம்மா செத்தாலும் எங் குட்டிங்களுக்கு ஒரு வேளைச் சோறு சாகும். எப்படிச் சொல்றது?"

குரங்குக்குக் கோவம். இனிமே மரத்துப் பக்கமே வராதேன்னுருச்சு. நாரை சும்மா இருக்குமா? நல்லதாப் போச்சு, இனிமே எங்களுக்கே ரெண்டு வேளையும் அழட்டும்னு செண்பகத்தைத் தன் பக்கம் இழுத்துச்சு. அப்பத்தான் குரங்கு யோசிச்சுச்சு. நாளைக்குக் காலையில யாரு அதட்டுவா? ஒரு தடவை பல்லியை மாமியார் ஆக்கிப் பார்த்து, மொத அதட்டல்லயே வாலு அறுந்து விழுந்து, அழ வேண்டிய எடத்துல கூட்டம் சிரிச்ச கதை அதுக்கு ஞாபகம் வந்துருச்சு.

"கோவத்துல சொன்னேன், தாயி. காலையில வந்துரு," அப்படின்னுச்சு.

பந்தலை ரெண்டாப் பிரிச்சு அவங்கவங்க பாதியை எடுத்துக்கிட்டுப் போனாங்க. நடந்ததெல்லாம் அல்லி கண்ட கனவுன்னு நாரை சொல்லிருச்சு. இல்ல, வேலன் கண்ட கனவுன்னு குரங்கு சொல்லிருச்சு. யாரு கனவுல யாரு வந்தான்னு ஆமைக்கு இன்னும் வெளங்கல. செண்பகம் மட்டும் மறுநாள் காலையில முட்டையும் சாயங்காலம் நண்டும் வீட்டுக்குக் கொண்டு போச்சு.

ரெண்டு குடும்பத்தை ஒண்ணாக்க நெனைக்கறவங்க, எவ்வளவு கூட்டம் சேரும்னு பார்க்கறதுக்கு முந்தி, ரெண்டு பக்கமும் ஓடி ஓடி உழைக்கறவங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.