புள்ளி இல்லாத பாறை

ஒரு ஊர்ல ஒரு பாறை, யானை படுத்த மாதிரி. "ம்" சொல்லு குட்டி, இல்லேன்னா யானை எழுந்துடும்!

அந்த ஊர் ராஜா இடும்பனுக்கு ஒரு பிக்கு புத்தர் சொன்னதையெல்லாம் சொன்னார். ராஜா மனசு வெண்ணெயா உருகிடுச்சு. கல்லு வெட்டுற கொற்றியைக் கூப்பிட்டான். "பாறையில வெட்டும்மா, 'எந்த உயிரையும் கொல்லாதே'." அப்போ பார்த்து அடுப்படி வாசனை மூக்குல ஏறிச்சு. "ஹி ஹி... 'ஆட்டைத் தவிர'ன்னும் சேர்த்துக்கோ!"

கொற்றி உளியைக் கீழ வச்சுட்டா. ஏன்னா, பாறைத் திறப்பு விருந்துக்குக் கட்டிப் போட்டிருந்தது அவ வளர்த்த ஆட்டுக்குட்டி சுண்டையை! ராஜா சொல்லை மீற முடியுமா? டிங் டிங் டிங்... அழுதுக்கிட்டே வெட்டினா.

அப்புறம் ஊரே திரண்டுச்சு. சமையல்காரன் கத்தி தீட்டுறான், சர்ரக் சர்ரக்! அப்போ பிக்கு உரக்கப் படிச்சார்: "எந்த உயிரையும் கொல்லாதே. ஆட்டைத் தவிர்!"

ராஜா குதிச்சான். "ஆட்டை விட்டுடுன்னா சொன்னேன்? தவிர் இல்லய்யா, தவிர!"

"புள்ளி வச்சாத்தானே ராஜா தெரியும்? நம்ம கல்லுல புள்ளியே வைக்கிறதில்லையே. ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான்!"

"மந்திரி, நீ படி!"

மந்திரி ராஜா மூஞ்சியைப் பார்த்துட்டு, "தவிர"ன்னான். சுண்டை "மே...!"ன்னுச்சு.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நகருங்க, நான் படிக்கிறதுதான் சட்டம்!"

கொற்றி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. ம் சொல்றியா?

ராஜா வாயைத் திறந்தான். படக்! சுண்டை கயித்தை அறுத்துக்கிட்டு ஓடி வந்து, ராஜா கழுத்து மாலையைக் கடிச்சு இழுத்துச்சு. மகரந்தம் குப்புனு மூக்குல! "ஆட்டைத் தவி... தவி... தவிர்ர்ர்ச்ச்!"

"தவிர்! ராஜாவே சொல்லிட்டார்!" ஊரே கத்துச்சு. ராஜா மூக்கைத் துடைக்கறதுக்குள்ள, வேடிக்கை பார்க்க வந்த வண்டிக்காரங்க அந்தச் சேதியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிட்டாங்க. கொற்றி சுண்டையை அள்ளி மடியில போட்டுக்கிட்டா.

சமையல்காரன் மெதுவா கேட்டான், "பூசணிக்காய் வெட்டட்டுமா ராஜா?"

"வெட்டித் தொலை. மிளகு தூக்கலா போடு!"

அந்தத் தும்மல்ல பாறையே விரிஞ்சு போச்சு. நானே விரலை விட்டுப் பார்த்திருக்கேன், சத்தியமா! என்ன சிரிப்பு? இனிமே நீயும் பேச்சைத் தவிர். கதைக்குப் புள்ளி வச்சாச்சு, தூங்கு.