வடிவு தைத்த மூன்று பெயர்ச்சீட்டுகள்

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. சங்குமலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாரும் வெறும் பரிசு கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு பரிசிலும் ஒரு பெயர்ச்சீட்டு தொங்க வேண்டும். உள்ளங்கை அளவு தடித்த காகிதம், அதில் பரிசு வாங்குபவரின் முதலெழுத்து, பட்டு நூலில் கையால் தைத்தது.

அந்தச் சீட்டுகளைத் தைப்பதில் வடிவு என்ற பெண்ணை மிஞ்ச ஆளில்லை. முதலில் எழுத்தின் வளைவு நெளிவெல்லாம் ஊசியால் துளை குத்துவாள். பிறகு துளைக்குத் துளை நூலைக் கோப்பாள். கடைசியில் பின்பக்கம் முடிச்சுப் போடுவாள். அவள் தைத்த 'க'வின் தோளில் கிளி உட்கார்ந்திருக்கும். 'ம'வின் மடியில் மாங்காய் தொங்கும்.

தாய் தகப்பன் இல்லாத வடிவுக்கு இருந்தது தங்கை அலரி ஒருத்திதான். சிறு வயதில் அலரிக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, அரண்மனை மருத்துவச்சி தாழை மூன்று நாள் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்க வைத்தாள்.

ஒருநாள் காலை, வடிவின் வாசலில் ஒருவன் வந்து நின்றான். பனை உயரம். விரல்கள் மட்டும் காய்ந்த சருகுபோல நடுங்கிக்கொண்டே இருந்தன. கருங்கல் குன்றில் வாழும் மந்திரவாதி ஏகாக்கன் என்று அவனைப் பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"படைத்தலைவன் வேழவனுக்கு வாள் ஒன்று பரிசு கொடுக்கப் போகிறேன். 'வே' என்று தைத்துக் கொடு" என்றான். "நூல் இதோ."

நூல் கறுப்பாக இருந்தது. தொட்டால் கிணற்றடி ஈரம்போலச் சில்லிட்டது.

"முடிச்சுப் போடும்போது அவன் பெயரை வாய்விட்டுச் சொல். எங்கள் வழக்கம் அது."

வடிவுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. ஊசியால் குத்தினாள். நூலைக் கோத்தாள். "வேழவன்" என்று சொல்லி முடிச்சுப் போட்டாள்.

அன்று மத்தியானம் வேழவன் அந்தச் சீட்டைக் கையில் எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், அவன் உடம்பு தட்டையாகி, மெலிந்து, காகிதமாகிவிட்டது. ஆளுயரக் காகிதம். அதில் மூக்கும் விழியும் மீசையும் அப்படியே இருந்தன. காற்று அதைத் தூக்கிக்கொண்டு கருங்கல் குன்றுக்குப் பறந்தது. சீட்டு மட்டும் தரையில் கிடந்தது. வேழவனின் பலம் முழுவதும் ஏகாக்கனின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. அவனைப் பிடிக்கப் போன நூறு வீரர்களை ஒரே கையால் தள்ளிப் பள்ளத்தில் போட்டான். திரும்பி வந்தவர்கள் பதினேழு பேர்.

மறுநாள் வடிவு சந்தைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டில் அலரி இல்லை. ஏகாக்கன் உட்கார்ந்திருந்தான்.

"உன் தங்கை என் குன்றில் பத்திரமாக இருக்கிறாள். அடுத்த சீட்டு மருத்துவச்சி தாழைக்கு. 'தா' என்று தை."

"ஐயா, வேண்டாம்! அவங்க என் தங்கைக்கு உயிர் கொடுத்தவங்க."

"அப்படியானால் யார் வேண்டும் என்று நீயே சொல். மருத்துவச்சியா, தங்கையா?"

"நீங்களே தைத்துக்கொள்ளலாமே. என்னை ஏன் இந்தப் பாவத்தில் இழுக்கிறீர்கள்?"

ஏகாக்கன் தன் நடுங்கும் விரல்களைப் பார்த்தான். "எழுத்து கோணினால் இந்த நூல் பிடிக்காது. உன் கைதான் வேண்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள். தைத்த கை பிரித்தால்தான் தையல் பிரியும். ஒரு தையலைப் பிரித்தாலும் அலரி உயிரோடு திரும்ப மாட்டாள்."

வடிவு அழுதாள். காலில் விழுந்தாள். பிறகு ஊசியை எடுத்தாள். அவளை யாரும் கைபிடித்துத் தைக்க வைக்கவில்லை. அவளேதான் ஊசியால் குத்தினாள். அவளேதான் நூலைக் கோத்தாள். "தாழை" என்று சொல்லி முடிச்சுப் போட்டபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் நூலுக்குக் கேட்டது.

மருந்து அரைக்கும் கல் ஒன்று பரிசாகப் போனது. அதில் தொங்கிய சீட்டைத் தொட்டதும் தாழையும் காகிதமாகிப் பறந்தாள். அவளுடைய கணவன் சாத்தன் துரத்திக்கொண்டே ஓடினான். பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தவன், சாபம் ஒழியட்டும் என்று அந்தச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டான்.

தாழையின் வைத்தியமெல்லாம் இப்போது ஏகாக்கனிடம். அவனை அம்பால் அடித்தாலும் புண் அக்கணமே ஆறியது.

மூன்றாம் நாள் அவன் மறுபடியும் வந்தான்.

"பலம் வந்துவிட்டது. வைத்தியம் வந்துவிட்டது. ஆயுள்தான் பாக்கி. இளவரசி எழிலிக்கு இன்று பிறந்தநாள். எட்டு வயது. அவள் வாழவிருக்கும் வருஷமெல்லாம் எனக்கு வேண்டும். 'எ' என்று தை. தைத்துவிட்டால் உன் தங்கை இன்றே வீட்டுக்கு வருவாள்."

வடிவு அழவில்லை. காலில் விழவில்லை. காகிதத்தை மாவிலை வடிவில் வெட்டினாள். ஊசியால் குத்தினாள். அவன் குனிந்து ஒவ்வொரு துளையையும் பார்த்தான். நூலைக் கோத்தாள். அவன் ஒவ்வொரு தையலையும் பார்த்தான். 'எ' என்ற எழுத்து கறுகறுவென்று எழுந்தது. அதன் வளைவில் ஒரு சிட்டுக்குருவியையும் உட்கார வைத்தாள். ஏகாக்கனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"முடிச்சுப் போடு. சீக்கிரம்!"

"கை வியர்க்கிறது ஐயா. காகிதம் நழுவுகிறது. ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்களேன்."

அவன் பிடித்தான். நடுங்கும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான்.

வடிவு எழுத்தின் அடியில் ஒரு துளை குத்தினாள். ஒரே ஒரு தையல். கீழ்நோக்கி ஒரு சிறு கோடு. 'எ'வுக்குக் கால் முளைத்து 'ஏ' ஆகிவிட்டது.

"என்ன செய்கிறாய் நீ?"

"ஏகாக்கன்!" என்று உரக்கச் சொல்லி முடிச்சைச் சுண்டி இழுத்தாள்.

அவன் சீட்டை உதறப் பார்த்தான். விரல்கள் முதலில் தட்டையாயின. பிறகு தோள், பிறகு மார்பு. அலறுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே காகிதத்தில் பதிந்துவிட்டது. காற்று வந்து அவனையும் கருங்கல் குன்றுக்கே தூக்கிக்கொண்டு போனது.

வடிவு அரண்மனைக்கு ஓடி, நடந்ததையெல்லாம் அரசனிடம் சொன்னாள். கருங்கல் குன்றுக்கு அரசனும் வீரர்களும் அவளோடு போனார்கள். இருட்டறையில் அடைபட்டிருந்த அலரியை முதலில் வெளியே கொண்டுவந்தார்கள். அவள் அக்காவைப் பிடித்த பிடியை விடவே இல்லை. உள்ளே ஒரு கயிற்றில், துவைத்த துணிபோல மூன்று பேர் தொங்கினார்கள். வேழவன், தாழை, ஏகாக்கன்.

வேழவனின் சீட்டை வீரர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். வடிவு முடிச்சை அவிழ்த்து, தையல் தையலாகப் பிரித்தாள். கடைசித் துளையிலிருந்து நூல் விடுபட்டதும் வேழவன் மூச்சு வாங்கி எழுந்தான்.

தாழைக்குச் சீட்டே இல்லை.

காகிதமாகவே இருந்த தாழையை எடுத்துக்கொண்டு வடிவு சாத்தன் வீட்டுக்குப் போனாள். "உங்க மனைவிக்குச் சீட்டுத் தைத்தது நான்தான். தெரிந்தேதான் தைத்தேன்" என்றாள்.

சாத்தன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை தானாகவே இறங்கிவிட்டது. இருவரும் சேர்ந்து அடுப்புச் சாம்பலைச் சலித்தார்கள். காகிதம் எரிந்து போயிருந்தது. அந்த நூலை நெருப்பு முழுவதும் தின்னவில்லை. ஆனால் ஒரு சாண் குறைந்திருந்தது.

புதிய காகிதத்தில், பழைய சீட்டில் போட்ட ஐம்பத்து நான்கு துளைகளையும் நினைவிலிருந்து குத்தினாள் வடிவு. ஒன்று தப்பினாலும் தாழையின் உருவம் கிழிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். துளைக்குத் துளை நூலைக் கோத்தாள். கடைசி நான்கு துளைகளுக்கு நூல் எட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு, போட்டதையெல்லாம் நிதானமாகப் பிரித்தாள்.

தாழை கண் திறந்தாள். தலை திரும்பியது, கால் அசைந்தது, வலக்கை எழுந்தது. இடக்கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே காகிதமாகவே இருந்தது. காற்றடித்தால் படபடத்தது.

மறுநாள் சபை கூடியது. ஏகாக்கனின் சீட்டைக் கல்பெட்டியில் வைத்து ஈயம் ஊற்றி மூடினார்கள். அரசன் வடிவைப் புகழ்ந்து பேசினான். "என் மகளைக் காப்பாற்றினாய். மாடி வீடும் தோப்பும் உனக்குத்தான்" என்றான்.

"மகாராஜா, இரண்டாவது சீட்டை நான் தெரிந்தே தைத்தேன். அதற்கு என்ன தண்டனை?"

அரசன் தாழையைப் பார்த்தான். "மருத்துவச்சி அம்மா, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

தாழை எழுந்து வந்தாள். காகிதக் கையை முந்தானையால் மூடியிருந்தாள். வடிவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"உன் தங்கை உயிரோடு இருக்கிறாளா?"

"இருக்கிறாள் அம்மா."

"நல்லது. உன்னை மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யும் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டு வாசலில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். மருந்து அரைக்க எனக்கு இன்னொரு கை வேண்டும். நாளைக் காலையில் வா."

மறுநாள் விடிந்ததும் வடிவு போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். தோப்பில் மா காய்த்தது, மாடி வீட்டில் அலரி சிரித்தாள், இளவரசி எழிலி வளர்ந்தாள். வடிவு ஒருநாள்கூடப் போகாமல் இருக்கவில்லை. ஏழாம் வருஷத்தில் ஒரு மழைநாள், காகிதக் கை நனையாமல் அவள் குடை பிடித்தபோது, தாழை முதன்முதலாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வடிவு, நீயும் உள்ளே தள்ளி நில். நனைகிறாய் பார்."

அந்தக் குடைக்குள் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் அப்படி ஓர் இடம் எங்காவது இருக்கட்டும்.