பருப்பு வெந்த நாள்

ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதன் கழிவுத் தண்ணீரெல்லாம் பக்கத்து ஓடையில் விழுந்தது. ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, நாச்சிமுத்துவின் தோட்டத்துக் கிணற்றில் போய் ஊறியது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் துவரம்பருப்பு வேகாது. வீட்டுக்கு எதிரிலேயே கிணற்றை வைத்துக்கொண்டு, அவர் மனைவி மாராத்தாள் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கினாள்.

ஒரு வருடம் பட்டறைக்கு ஆர்டர் வரவில்லை. இழுத்து மூடினார்கள். அடுத்து வந்த பெருமழையிலேயே ஓடை தெளிந்துவிட்டது. அதன் பிறகு அதன் வாயை அடக்க ஆள் இல்லை. வருகிற கொக்கிடமெல்லாம் தன் அடியில் கிடந்த கூழாங்கல்லைக் காட்டிப் பீற்றிக்கொண்டது.

"நானே தெளிஞ்சுட்டேன். உனக்கென்ன கேடு?" என்று கிணற்றைக் கேட்டது.

கிணற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ உன்மேல விழுந்ததை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டுட்டே. எனக்கு வந்தது பாறை இடுக்குல எல்லாம் உட்கார்ந்திருக்கு. நான் எங்கே கொண்டுபோய்த் தள்ளுறது?"

இந்த நியாயமெல்லாம் நாச்சிமுத்துவின் தலையில் ஏறவில்லை. ஓடை தெளிந்தும் கிணறு உப்புக் கரித்தால் கிணற்றின் மேல்தான் தப்பு என்று முடிவுகட்டிவிட்டார். வருகிற தைக்குள் தேறாவிட்டால் மண்ணைக் கொட்டி மூடிவிடப்போவதாக மாராத்தாளிடம் சொன்னார். கெடுத்தவனை ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், கெட்டுப்போனதற்குக் கெடு வைத்தார்.

மாராத்தாள் அவ்வப்போது ஒரு கைப்பிடி பருப்பைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். அது விறைத்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் குழைந்து கொடுத்தால் தன் உயிர் பிழைக்கும் என்று, உலைத் தண்ணீராக இருந்தபடியே கிணறு கெஞ்சிப் பார்த்தது.

"வேகாம வெந்த மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது," என்றது பருப்பு.

கிணறு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் பாறை இடுக்கில் கொஞ்சம் நல்ல தண்ணீர் இறங்கியது. அதை வைத்து உள்ளே இருந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பாறைக்கு அடியில் ஆழமாக இறக்கிவிட்டது. யாரும் அதைப் பாராட்டவில்லை.

தை பிறந்தது. மாராத்தாள் சட்டியைத் திறந்தபோது பருப்பு மலர்ந்து கிடந்தது. மத்தால் கடைந்ததும் கரைந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கிணறு பிழைத்தது.

நாச்சிமுத்து அதோடு விட்டாரா? பெருமை தாங்காமல் பட்டறை முதலாளியையே சாப்பிடக் கூப்பிட்டார். முதலாளி வந்தார், பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, மறுபடி ஆர்டர் வந்திருப்பதாகவும், தண்ணீர் கெட்டுப்போச்சு என்று ஊர் பேசுமே என்றுதான் தயங்கியதாகவும் சொன்னார். இனி அந்தக் கவலை இல்லை, திங்கட்கிழமை திறந்துவிடலாம் என்றார்.

நாச்சிமுத்து வாசல்வரை பின்னாலேயே ஓடினார். "ஏனுங்க, நீங்க மூடுனதாலதானுங்க தேறுச்சு."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். கெட்டாலும் தானாத் தேறிக்குதுல்ல," என்று முதலாளி வண்டியைக் கிளப்பினார்.

திங்கட்கிழமை ஊதா நிறத்தில் தண்ணீர் வந்தது. அடுத்த மழைக்குத் தெளிந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே ஓடை அதை வாங்கிக்கொண்டது. சில மாதங்களில் பருப்பு மறுபடி விறைத்து நின்றது. மாராத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள்.

சட்டிக்குள் கிணறு பருப்பைக் கேட்டது: "வேகாம நிக்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே. அந்த ஆள் சாப்பிட வந்த அன்னைக்கு நின்னு தொலைச்சிருக்கக் கூடாதா?"