பூத்த குச்சி

தாசில்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சாத்தப்பர், வடிவம்மையாரிடம் சீடராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது.

அம்மையார் சொல்லும் கதைகளை, ஞாயிறுதோறும் ஆசிரமத்துக்கு வருகிறவர்களிடம் சாத்தப்பர் எடுத்துச் சொல்வார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அவருக்கென்று ஒரு மடமே கட்டிவிட்டு, அழைத்துப்போக வேனோடு வந்து நின்றார்கள்.

"உத்தரவு கொடுங்கள், அம்மா" என்றார் சாத்தப்பர். "கையோடு இதையும் கொண்டுபோகிறேன். மடத்து வாசலில் படரட்டும்."

காகிதப்பூக் கொடியிலிருந்து அவரே வெட்டி, தொட்டியில் நட்ட குச்சிகள் இரண்டு. ஒன்று இன்னும் மொட்டையாக நின்றது. மற்றது ஏழெட்டு இலை விட்டு, உச்சியில் ஒரு கொத்துப் பூத்திருந்தது.

"ஐந்தே வாரம், அம்மா! நட்ட கை அப்படி."

அம்மையார் பூத்த குச்சியைப் பிடித்தார். வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஐயோ!"

சாத்தப்பர் போட்ட கூச்சலில் வேனருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூத்ததைப் போய்ப் பிடுங்கிவிட்டீர்களே! இதுதான் ஆசீர்வாதமா?"

அம்மையார் குச்சியைத் தலைகீழாக அவர் கையில் வைத்தார்.

அடியில் வேர் இல்லை. நூலளவுகூட இல்லை. வெட்டிய இடம் கறுத்து, தொட்டால் குழைந்தது.

"வேரே இல்லாமல் எப்படி அம்மா பூத்தது?"

"வெட்டும்போதே தண்டுக்குள் தாய்க்கொடியின் சாறு இருந்தது. அதை வைத்துப் பூத்தது."

சாத்தப்பர் அவசரமாக மொட்டைக் குச்சியைப் பிடித்து இழுக்கப் போனார். அம்மையார் தடுத்தார்.

"இதிலாவது வேர் இருக்கிறதா என்று பார்க்கிறேன், அம்மா."

"இருந்தால் அறுந்துவிடும்."

"பிறகு எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"தண்ணீர் ஊற்றுங்கள்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். "சாமி! மேளக்காரங்க வெயில்ல காயறாங்க. ஒரு குச்சிக்கா இவ்வளவு யோசனை? எங்க ஊர்ல வேலியெல்லாம் காகிதப்பூதான், வாங்க!"

சாத்தப்பர் வேனைப் பார்த்தார். கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார். அது இன்னும் வாடவில்லை.

"அம்மா... நான் போகலாமா?"

"தாராளமாக" என்றார் அம்மையார். "இரண்டு மாதம் அருமையாகப் பேசுவீர்கள்."